பானைக்குள் ஓர் இரவு: புளித்த உணவு வைரஸைத் தடுக்குமா?

சித்திரையின் பிற்பகுதியில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி, பகலில் 40 டிகிரி செல்சியஸை எட்டிய வெப்பம் இரவு பத்து மணிக்குப் பின்னும் மொட்டைமாடித் தளத்தின் வழியே வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களில், மதுரையின் தெற்கு விளிம்பில் விமான நிலையச் சாலையை ஒட்டிக் கிடக்கும் அவனியாபுரத்தின் அடுப்படிகளில், மிஞ்சிய சோறு மூழ்கும்படி தண்ணீர் ஊற்றித் தட்டால் மூடி வைப்பதோடு அன்றைய வேலை முடிகிறது. தட்டுக்குக் கீழே அப்போதுதான் வேறொரு வேலை தொடங்குகிறது. அரிசியில் இருந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை சோறு வெந்தபோதே மடிந்துவிட்டதால், பானையின் உட்சுவரிலிருந்தும் ஊற்றிய நீரிலிருந்தும் பிசைந்த கையிலிருந்தும் வந்த புதிய குடியேறிகள் அந்த மாவுச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. முதலில் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்கிறது, பிறகு ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை உடைத்து வாழத் தெரிந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, அவை வெளியேற்றும் அமிலத்தைத் தாங்க முடியாத மற்ற உயிர்கள் ஒவ்வொன்றாக ஒடுங்குகின்றன. விடியற்காலையில் தட்டைத் திறக்கும்போது சோற்றின் மேல் நிற்கும் கலங்கிய, இலேசாகப் புளித்த நீருக்கு நீராகாரம் என்று பெயர்; தென்மாவட்டப் பேச்சில் அது நீச்சத்தண்ணி.

இந்த நீருக்கு அண்மை ஆண்டுகளில் புதிதாக ஒரு பெருமை சேர்ந்திருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்த பிறகு, நோயைத் தடுக்கும் உணவு எது என்ற கேள்வி நகரின் எல்லாத் திண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மதுரையின் உணவகம் ஒன்று முகக்கவச வடிவில் பரோட்டா போட்டு நாடெங்கும் பேசப்பட்டது. அது விழிப்புணர்வுக்கான வேடிக்கை என்பதால் யாருக்கும் கேடில்லை. அதே மாதம் கோவையில் ஓர் இனிப்புக் கடை தன் மைசூர்பாகு கொரோனாவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்து உரிமத்தை இழந்தது வேடிக்கையில் சேராது. இவற்றுக்கு நடுவே, பழைய சோறும் மோரும் கம்மங்கூழும் வைரஸை அண்டவிடாது என்ற செய்தி எந்த விளம்பரமும் இல்லாமல் கைப்பேசிகளில் பரவி நிலைபெற்றது. முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாதபடி அதற்குள் ஓர் அறிவியல் விதை இருப்பதுதான் சிக்கல். நொதித்த உணவில் உள்ள சேர்மங்கள் வைரஸ் நோய்க்கு எதிராக உடலுக்கு உதவக்கூடும் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் ஏராளம் உண்டு. மனிதர்களிடம் கிடைத்த சான்றுகள் சில உண்டு. அவனியாபுரத்துப் பானையில் ஊறும் சோற்றை வைத்துத் திரட்டப்பட்ட சான்றுகள் மிகமிகக் குறைவு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரே உருண்டையாக்கி விற்பதால் வரும் விளைவுகளே இங்கு ஆராயப்படுகின்றன.

புளிப்புக்குள் இருப்பவை

நொதித்தல் என்பது, நுண்ணுயிர்கள் உணவிலுள்ள சர்க்கரையையும் புரதத்தையும் தம் தேவைக்கு உடைத்து, அந்த உடைப்பில் உண்டாகும் பொருள்களை உணவிலேயே விட்டுச்செல்லும் செயலாகும். அவற்றுள் முதன்மையானது லாக்டிக் அமிலம்; மோரின் புளிப்பும் இட்லி மாவின் புளிப்பும் பெரும்பாலும் அதனுடையவை. அமிலத்தன்மையை அளக்கும் பி.ஹெச் அளவுகோலில் 7 என்பது நடுநிலை என்றால், நன்கு புளித்த மாவு 4க்கும் 5க்கும் இடையில் இறங்கிவிடுகிறது. அமிலத்துக்கு அப்பால், இந்த பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிக் கோந்து போலச் சுரக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் (தயிரை விரலால் தொட்டு இழுத்தால் நூலாய் வருவது இவற்றால்தான்), போட்டி பாக்டீரியாக்களைக் கொல்லும் சிறு புரதங்கள், பால் புரதம் உடைந்து உண்டாகும் பெப்டைடு துண்டுகள், ஃபீனைல்லாக்டிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள், செத்த பாக்டீரியாக்களின் செல்சுவர்ச் சிதறல்கள் ஆகியவையும் உணவில் சேர்கின்றன. ஒரு கிண்ணம் மோரில் உயிருள்ளவை, செத்தவை, அவை விட்டுச்சென்றவை என்று மூவகைப் பொருளும் கலந்தே இருப்பதால், நன்மை எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது எளிதன்று.

▌பெட்டி: இட்லி மாவைப் பொங்கவைப்பது எது?
உளுந்தும் அரிசியும் கலந்த மாவு ஈஸ்ட்டால் பொங்குகிறது என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், 1965இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, அதைப் பொங்கவைப்பது முதன்மையாக லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டெஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா என்று காட்டியது. வாயுவையும் அமிலத்தையும் சேர்த்தே உண்டாக்கும் இந்த உயிர்தான், முட்டைக்கோஸை உப்பில் ஊறவைக்கும் ஐரோப்பியச் சவர்க்ராட்டிலும் கொரியக் கிம்ச்சியிலும் முதற்கட்ட வேலையைத் தொடங்கிவைக்கிறது. புளிக்க நேரமில்லாமல் சமையல் சோடா சேர்த்து ஊற்றும் இட்லியில் வாயு மட்டுமே உண்டு. இந்தக் கட்டுரையில் பேசப்படும் சேர்மங்கள் எவையும் அதில் உண்டாவதில்லை.

நொதித்த பாலுக்கும் ஆரோக்கியத்துக்கும் முடிச்சுப் போட்ட முதல் பெரிய அறிவியலாளர் இலியா மெச்னிகோஃப். 1908இல் நோபல் பரிசு பெற்ற அவர், தயிர் உண்பவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்ற கருத்தை அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே பரப்பினார். அவருடைய வாதத்தில் வைரஸுக்கு இடமில்லை. அந்தத் திருப்பம் நூறாண்டு கழித்தே வந்தது.

கொல்லுதல் என்ற கற்பனை

புளிப்பு கிருமியைக் கொல்லும், வைரஸும் ஒரு கிருமி, ஆகவே புளிப்பு வைரஸைக் கொல்லும் என்ற வாதம் கேட்பதற்குச் சீராக இருந்தாலும், அதன் நடுக்கண்ணி பலவீனமானது. வைரஸ்களில் கொழுப்புப் படலத்தை மேலாடையாகப் போர்த்தியவை, போர்த்தாதவை என்று இரு வகை உண்டு. கொரோனா, இன்ஃப்ளுயன்சா, டெங்கு முதலியவை முதல் வகை. அமிலமும் சோப்பும் அந்தப் படலத்தைக் கிழித்தால் வைரஸ் செயலிழக்கும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா, நோரோ வைரஸ்களும், மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும், போலியோ வைரஸும் இரண்டாம் வகை. இவற்றில் பல, இரைப்பை அமிலத்தைக் கடந்து குடலில் குடியேறும்படி பரிணமித்தவை என்பதால், நீராகாரத்தின் மென்மையான புளிப்பு அவற்றுக்கு ஒரு பொருட்டே அன்று. படலமுள்ள கொரோனாவோ மூக்கின் வழியாக மூச்சுக்குழாய்க்குள் நுழைகிறது. வயிற்றுக்குப் போகும் மோர் அதைச் சந்திப்பதே இல்லை. டெங்கு, கொசுவின் ஊசி வழியே நேராகத் தோலுக்குள் செலுத்தப்படுகிறது.

ஆய்வகக் குப்பிகளில் கதை வேறு. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் சர்ஃபாக்டின் என்ற சோப்பு போன்ற மூலக்கூறு, படலமுள்ள வைரஸ்களைச் சிதைப்பது 1990களிலேயே காட்டப்பட்டது. அதே பாக்டீரியா இனத்தால் சோயாவை நொதிக்கவைத்து ஜப்பானியர் உண்ணும் நாட்டோவின் சாறு, கொரோனா வைரஸின் முள் புரதத்தை அறுத்து அது செல்லுக்குள் நுழைவதைத் தடுத்தது என்று 2021இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் குப்பியில் வைரஸின் மேல் நேரடியாக ஊற்றப்படும் சாற்றின் செறிவு, அதே உணவைத் தின்ற மனிதனின் நுரையீரலில் ஒருபோதும் அமைவதில்லை. செரிமானம் என்ற நீண்ட ஆலையில் புரதங்கள் பெரும்பாலும் அரைபட்டுவிடுகின்றன. ‘ஆய்வில் நிரூபணம்’ என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளில் பெரும்பகுதி இந்தக் குப்பிகளிலேயே முடிந்துவிடுபவை.

நொதித்த உணவே வைரஸைச் சுமந்து வந்த நிகழ்வு இன்னும் தெளிவான பாடம். 2019இல் தென்கொரியாவில் 17,000க்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் ஏ பரவியபோது, அதற்கான முதன்மைக் காரணமாக அரசின் நோய்த்தடுப்பு மையம் கண்டறிந்தது, உப்பிட்டு நொதிக்கவைத்த சிப்பி இறைச்சியை. உப்பும் புளிப்பும் சேர்ந்து ஊறிய உணவிலும் வைரஸ் நோயுண்டாக்கும் ஆற்றலோடு தங்கியிருந்தது. வங்கதேசத்தில் நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்கள் நக்கிய பேரீச்சைச் சாற்றின் வழியாகப் பரவுவது பலரும் அறிந்த செய்தி. அந்தச் சாறு புளித்துக் கள்ளானபின் குடித்தவர்களுக்கும் நோய் தொற்றியதைப் பிந்தைய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

குடல் கற்றுக்கொடுக்கும் பாடம்

நேரடியாகக் கொல்வதை விட்டுவிட்டால் மிஞ்சுவது மறைமுக வழி. அறிவியல் கனமாக இருப்பதும் அங்கேதான். உடலின் நோயெதிர்ப்புச் செல்களில் ஏராளமானவை குடலின் சுவரையொட்டிக் குடியிருக்கின்றன. வாய் வழியே நாள்தோறும் வரும் நுண்ணுயிர்களையும் அவற்றின் துண்டுகளையும் இச்செல்கள் தொட்டுப் பார்த்து, எது பகை, எது விருந்து என்று பழகிக்கொள்கின்றன. அவ்வாறு பழகிய செல்கள் இரத்தத்தின் வழியே நுரையீரல் உள்ளிட்ட பிற இடங்களுக்கும் செல்கின்றன என்பதால், குடலில் நடக்கும் பயிற்சியின் பயன் மூச்சுக்குழாயிலும் தென்படக்கூடும்.

இந்தப் பயிற்சிக்கான மூலக்கூறுச் சான்றுகளில் மிகச் சுவையானது 2019இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. மனித நோயெதிர்ப்புச் செல்களின் மேலிருக்கும் எச்.சி.ஏ.3 என்ற ஏற்பி (குறிப்பிட்ட மூலக்கூறு வந்து பொருந்தினால் செல்லுக்குச் செய்தி அனுப்பும் பூட்டு என்று இதைக் கொள்ளலாம்), லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஃபீனைல்லாக்டிக் அமிலத்தால் திறக்கப்படுவதை அவர்கள் கண்டார்கள். இந்த ஏற்பி மனிதருக்கும் மனிதக்குரங்குகளுக்கும் மட்டுமே உண்டு. மற்ற பாலூட்டிகளுக்கு இல்லை. மரத்திலிருந்து உதிர்ந்து தரையில் கிடந்து நொதித்த பழங்களைத் தின்னத் தொடங்கிய மூதாதையரிடம் இது நிலைபெற்றிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். அந்த ஊகம் சரியானால், புளித்ததை உண்பதற்கான ஏற்பாடு பானை செய்யக் கற்பதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே உடலில் அமைந்துவிட்டது.

இன்டர்ஃபெரான் மற்றொரு கண்ணி. வைரஸ் தாக்கிய செல், அண்டைச் செல்களுக்கு அனுப்பும் எச்சரிக்கைப் புரதம் இது, 1957இல் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட எலிச் சோதனையில், குடல் பாக்டீரியா ஒன்று தாவர உணவிலுள்ள ஃபிளேவனாய்டுகளை உடைத்து உண்டாக்கும் டெசமினோடைரோசின் என்ற சேர்மம், இன்டர்ஃபெரான் செயல்பாட்டை முன்கூட்டியே முடுக்கிவிட்டு, இன்ஃப்ளுயன்சாவின் கடுமையைக் குறைத்தது. நொதித்தல் பானையில் மட்டுமன்றிக் குடலுக்குள்ளும் நடக்கிறது என்பதையும், நார்ச்சத்தும் காய்கறியும் இல்லாத தட்டில் தயிரை மட்டும் சேர்த்துப் பெரிதாகப் பயனில்லை என்பதையும் அது உணர்த்துகிறது. 2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 பேரிடம் பத்து வாரம் நடத்திய உணவுச் சோதனையில், நொதித்த உணவுகளை மிகுதியாக உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. இரத்தத்தில் அழற்சியைக் குறிக்கும் 19 புரதங்கள் குறைந்தன. ஆயினும் அச்சோதனையில் யாருக்கும் காய்ச்சல் வந்ததா, வரவில்லையா என்பது அளக்கப்படவில்லை. அளவுமானியில் முள் நகர்வதும் நோய் வராமல் இருப்பதும் ஒன்றாகிவிடா.

57 பேரும் 961 பேரும்

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில், ஜப்பானின் யோகர்ட் கதை தனியே சொல்லத் தக்கது. லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் வகையின் ஓ.எல்.எல்.1073ஆர்-1 என்ற தனி வித்து (ஓர் இனத்துக்குள் தனித்த கிளை), கோந்துச் சர்க்கரையை மிகுதியாகச் சுரப்பது. அந்தச் சர்க்கரை எலிகளின் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுவது ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரு சிற்றூர்களில், ஓரிடத்தில் 57 முதியோரும் மற்றோரிடத்தில் 85 முதியோரும் பங்கேற்க, ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 90 கிராம் இந்த யோகர்ட்டும் மறு சாராருக்குப் பாலும் தரப்பட்டன. யோகர்ட் உண்டவர்களுக்குச் சளிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு 2.6 மடங்கு குறைவு என்று 2010இல் முடிவு வெளியானபோது, அது உலகெங்கும் செய்தியானது. பால் குடிப்பவருக்குத் தாம் குடிப்பது பால் என்று தெரியும் என்பதும், எண்ணிக்கை மிகச் சிறிது என்பதும் அப்போது பலர் கண்ணில் படவில்லை. பின்னர் மருத்துவமனைகளில் பணிபுரியும் 961 பெண்களிடம், அதே வித்தைக் கொண்டு, பெரிய அளவில் சோதனை நடந்து 2019இல் முடிவு வந்தது: செல்களின் சில குறியீடுகள் உயர்ந்தன, இன்ஃப்ளுயன்சா வந்தவர்களின் எண்ணிக்கையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. முதல் முடிவு பரவிய வேகத்தில் இரண்டாவது பரவவில்லை.

இந்தியாவில், கொல்கத்தாவின் நெரிசலான குடியிருப்பு ஒன்றில் 1 முதல் 5 வயது வரையுள்ள 3,758 குழந்தைகளுக்கு, ஷிரோட்டா என்ற வித்தைக் கொண்ட நொதித்த பால்பானம் 12 வாரம் தினமும் தரப்பட்டது. 2011இல் வெளியான முடிவின்படி வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. மோரைப் போன்ற எளிய ஒன்றினால் நூற்றுக்குப் பதினான்கு குழந்தைகள் நோயிலிருந்து தப்பினார்கள் என்று இதைப் படிப்பது தவறு. நூறு முறை வரவேண்டிய வயிற்றுப்போக்கு 86 முறை வந்தது என்பதே பொருள். அந்த அளவிலும் அது சிறு பயனன்று. ஆனால் நோய் வந்தபின் கொடுத்தால்? 2018இல் அமெரிக்காவில் 971 குழந்தைகளிடமும் கனடாவில் 886 குழந்தைகளிடமும் நடந்த இரு சோதனைகளில், வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளுக்கு லாக்டோபேசில்லஸ் தந்தும் பயன் தெரியவில்லை. வருமுன் பழக்குவதற்கும் வந்தபின் கொடுப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு, நொதித்த உணவு செய்யக்கூடியது எது என்பதற்கான முக்கியமான குறிப்பு.

▌பெட்டி: சோதனைகளைத் தொகுத்தால்
காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு, ஒரே கேள்விக்கு நடந்த எல்லாச் சோதனைகளையும் திரட்டி எடைபோடுவது. 2022இல் அது தொகுத்த 23 சோதனைகளில், 6,950 பேரிடம், நலநுண்ணுயிர் (போதிய அளவில் உட்கொண்டால் நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்) எடுத்தவர்களில் குறைந்தது ஒருமுறையேனும் மேல்மூச்சுக்குழாய்த் தொற்று வந்தவர்கள் சுமார் 24 சதவீதம் குறைவு. எனினும் சான்றின் உறுதி நடுத்தரம் அல்லது அதற்குக் கீழ் என்றும் அது குறித்தது. வயிற்றுப்போக்குக்கு மருந்தாக நலநுண்ணுயிர் தருவது பற்றி 2020இல் 82 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நோய் 48 மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதில் அநேகமாக வேறுபாடு இல்லை என்ற முடிவே கிடைத்தது.

ஒடிசாவில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் இனத்தின் ஒரு வித்தைப் பிறந்த முதல் வாரத்தில் தொடங்கிக் கொடுத்ததால் இரத்தத்தொற்றும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. அங்கு முதன்மைப் பகை பாக்டீரியா. இருந்தும் மூச்சுத்தொற்றுகளும் குறைந்தன. அதே பிளான்டாரம் இனம் ஊறுகாயிலும் புளித்த மாவிலும் கிடைக்கிறது என்பதைச் சுட்டி, இட்லி மாவுக்கு அந்தப் புகழை மாற்றி எழுதுவோர் உண்டு. ஓர் இனத்துக்குள் வித்துக்கு வித்து குணம் மாறும். ஒரே ஊரில் பிறந்தவர்கள் எல்லாரும் தை முதல் நாள் அவனியாபுரம் வாடிவாசலில் காளையை அணைந்துவிடுவதில்லை.

வெந்த பிறகு மிஞ்சுவது

தமிழ்நாட்டு உணவுக்கே உரிய கேள்வி ஒன்று இங்கே எழுகிறது. தயிரையும் நீராகாரத்தையும் உயிரோடு உண்கிறோம். இட்லி, தோசை, ஆப்பம், பணியாரம் எல்லாம் நொதித்தபின் வேகவைக்கப்படுபவை. கொதிநீராவியில் பத்து நிமிடம் வெந்த இட்லியில் உயிருள்ள பாக்டீரியா மிஞ்சாது. ஆகவே பயனும் போயிற்று என்று முடிவு கட்டுவது சில ஆண்டுகளுக்கு முன்பு வரை வழக்கமாக இருந்தது. உயிரற்ற நுண்ணுயிர்களும் அவற்றின் பாகங்களும் தம்மளவில் நன்மை செய்யக்கூடும் என்பதை ஏற்று, 2021இல் பன்னாட்டு அறிவியல் குழு ஒன்று அவற்றுக்கு ‘போஸ்ட்பயாடிக்’ என்ற பெயரை வரையறுத்தது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பிலிப்பைன்சில் மீனையும் சோற்றையும் சேர்த்து நொதிக்கவைக்கும் உணவிலிருந்து பிரித்தெடுத்த எல்-137 என்ற பிளான்டாரம் வித்து. அதை வெப்பத்தால் கொன்று பொடியாக்கி ஜப்பானில் 78 பேரிடம் சோதித்தபோது மேல்மூச்சுக்குழாய்த் தொற்று குறைந்தது. எண்ணிக்கை சிறிது என்பதால் 57 முதியோரின் கதையை மறக்கலாகாது. ஆனாலும் சோற்றில் வளர்ந்த பாக்டீரியாவின் செத்த உடல் பேசும் மொழியை நோயெதிர்ப்புச் செல்கள் புரிந்துகொள்கின்றன என்பது, இட்லித் தட்டை ஆய்வுக்கு உரியதாக்குகிறது.

ஊற்றும் தண்ணீர்

இத்தனை மூலக்கூறுகளுக்கும் நடுவே மறக்கப்படுவது, நீராகாரத்தின் மிகப் பெரும் பகுதியான நீர். அவனியாபுரம் தனி நகராட்சியாக இருந்து, 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது அதனோடு இணைக்கப்பட்ட பகுதி. மாநகரின் குப்பை சேரும் வெள்ளைக்கல் கிடங்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இதன் எல்லையை ஒட்டியே இருக்கின்றன; இணைக்கப்பட்ட பகுதிகளுக்குக் குழாய்நீரைக் கொண்டுசேர்க்கும் பணியோ முல்லைப் பெரியாற்றிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்தை நம்பி நீண்டுகொண்டே போனது. குழாய், ஆழ்துளைக் கிணறு, லாரி, கேன் என்று நான்கு வழிகளில் நீர் வரும் ஓர் ஊரில், பழைய சோற்றில் எந்த நீர் ஊற்றப்படுகிறது என்பதே, அதில் எந்த பாக்டீரியா வளர்கிறது என்பதைவிட வைரஸ் கணக்கில் கனமானது. ஹெபடைடிஸ் ஏ கலந்த நீரை ஊற்றினால் இரவு முழுதும் புளிப்பு ஏறியும் வைரஸ் அப்படியே இருக்கும். அதோடு, அந்த நீரைச் சோறு உறிஞ்சி வைத்துக்கொண்டு காலையில் கொதிக்கவைக்கப்படாமலே தட்டுக்கு வரும். காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றினால் புளிக்காது என்ற தயக்கத்துக்குக் காரணமில்லை. பானைச் சுவரே போதும், போதாவிடில் முந்தைய நாள் நீராகாரம் ஒரு கரண்டி, பாலுக்கு உறைமோர் போல.

ரோட்டா வைரஸுக்கான தடுப்புச் சொட்டு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தக் கூழும் செய்ய முடியாததை அது செய்கிறது. கூழை நம்பி அதைத் தள்ளிப்போடும் பெற்றோர் இழப்பது மிகுதி. உணவின் பெயரால் வரும் உண்மையான கேடு பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது: உணவு நஞ்சாவதால் அன்று, மருந்தும் ஊசியும் கொசுவலையும் தாமதமாவதால். டெங்குக் காய்ச்சல் மூன்றாம் நாளைத் தாண்டி, தணிந்ததுபோல் தோன்றும் வேளையில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. அந்நேரத்தில் மோர் குடிப்பது நீரிழப்புக்கு நல்லதே. மோர் குடித்ததால் தணிந்தது என்று மருத்துவமனைக்குப் போகாமலிருப்பது உயிருக்கு உலை.

▌பெட்டி: யார் கவனமாக இருக்க வேண்டும்?
தண்ணீர் ஊற்றாமல் அறை வெப்பத்தில் விட்ட சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் முளைத்து நச்சு உண்டாக்கலாம். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நொதித்தல் ஒழுங்காக நடந்தால் புளிப்பு அதை அடக்கும். வழவழப்பும் துர்நாற்றமும் தோன்றிய சோற்றைக் கொட்டிவிட வேண்டும். கோடையில் இரவு ஊறல் போதும், மறுநாள் மதியம் வரை நீட்டலாகாது. புற்றுநோய்ச் சிகிச்சையிலும் உறுப்பு மாற்றுக்குப் பிறகும் எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவர்கள் உயிருள்ள நுண்ணுயிர் உணவை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு நலநுண்ணுயிர் மருந்து தருவதற்கு எதிராக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது. பழையது நீரிழிவுக்காரருக்கும் சோறுதான். தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயும் கருவாடும் இரத்தக்கொதிப்புக்காரருக்கு உப்புதான்.

பானையிலிருந்து பாக்கெட்டுக்கு

புகழ் கூடக்கூடக் கணக்குகளும் பெருத்துக்கொண்டே போகின்றன. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு, 12 மணி நேரம் ஊறியதும் 73.91 மில்லிகிராமாகிவிடுகிறது என்ற எண் பல ஆண்டுகளாக நாளிதழ்களிலும் காணொளிகளிலும் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். அதை எந்த பாக்டீரியாவும் உண்டாக்காது. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்திருப்பதை நொதித்தல் தளர்த்தி, உடல் அதை உறிஞ்சுவதை எளிதாக்கும் என்பது சரியான அறிவியல். இருபது மடங்கு பெருக வேண்டுமானால் அது பாத்திரத்திலிருந்து அரித்து வர வேண்டும், அல்லது எண்ணை எழுதியவரின் பேனாவிலிருந்து வர வேண்டும்.

விற்பனைக்கு வரும்போது சட்டம் குறுக்கிடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி நலநுண்ணுயிர் உணவு என்று பெயரிட வேண்டுமானால், ஒரு நாளுக்குரிய அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்களும் வித்தின் பெயரும் இருக்க வேண்டும். நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மந்திர மருந்துகள் சட்டத்தின் கீழ் குற்றமாகக் கூடும். தெருமுனை இட்லி மாவுக்கடைக்கும் தள்ளுவண்டிக் கம்மங்கூழுக்கும் இவை எட்டாத உயரம். நல்லவேளையாக அவர்கள் எதையும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்வதுமில்லை. பசியாற்றுவதாகத்தான் சொல்கிறார்கள்.

நடக்க வேண்டிய சோதனை

பழைய சோற்றை மருத்துவ ஆய்வுக்குள் கொண்டுவந்த முயற்சி சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாநில அரசின் உதவியோடு தொடங்கியது. அங்கு ஆராயப்பட்டது குடல் அழற்சி நோய்; வைரஸ் அன்று. பழைய சோற்றைத் தின்ற நோயாளிக்கு என்ன ஆகிறது என்று எண்ணிப் பார்க்கும் முறையே அதன் சிறப்பு. அதே முறையில், அவனியாபுரம் போன்ற ஒரு பகுதியின் சில தெருக்களில் ஒரு மழைக்காலம் முழுதும் தினமும் காலையில் ஒரு குவளை நீராகாரம் தந்து, வேறு சில தெருக்களில் தராமல், சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்த நாட்களை எண்ணினால், ஜப்பானிய யோகர்ட்டைக் கடன் வாங்காமலே கேள்விக்கு விடை கிடைக்கும். ஆகும் செலவு பெரிதன்று: அரிசி மலிவு, காய்ச்சிய நீர் மலிவு, பாக்டீரியாவுக்கு விலையே இல்லை.

இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது. தாம் குடிப்பது உண்மையான நீராகாரமா, போலியா என்று பங்கேற்பவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் சோதனை செல்லும். ஆகவே நொதிக்காத வடிகஞ்சியில் லாக்டிக் அமிலத்தை அளந்து சேர்த்து, நிறத்தையும் கலங்கலையும் ஒப்பாக்கிப் போலி நீராகாரம் ஒன்றைச் செய்ய வேண்டும். புளிப்பை ஒப்பாக்கிவிடலாம். ஓர் இரவில் பானைக்குள் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கூடி உண்டாக்கும் வாசனையை எப்படி ஒப்பாக்குவது என்பதற்கு ஆய்வு முறையியலில் தயாரான வழி இல்லை. ஒப்பாக்காமல் விடவும் முடியாது, ஏனென்றால் சிறுவயது முதல் நீச்சத்தண்ணி குடித்து வளர்ந்த எவரும், குவளையை வாயருகே கொண்டு போகும்போதே, அது நேற்றிரவு ஊறியதா, இன்று காலை கலக்கப்பட்டதா என்று சொல்லிவிடுவார்கள்.